நாட்டுக்குப் பேர் எதுக்கு?

"வந்தேறிங்க வரட்டும், வேணாம்னு சொல்லல. வந்த இடத்து மொழியைக் கத்துக்க வேணாமா?"

நெவில் மேசையில் தட்டிய தட்டில், கொடி போட்ட கோப்பையிலிருந்து பால் தேநீர் தளும்பியது. முற்றத்தில் கூடியிருந்த குடியிருப்புச் சங்கத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

அன்று தலைவர் தேர்தல். இருபது வருஷமாக அங்கே குடியிருக்கும் நெவிலுக்கு அந்த நாற்காலிமேல் ஒரு கண். குறுக்கே நின்றவன் வாசில். பல்கேரியாக்காரன், நெவில் கணக்கில் நேற்று வந்தவன். படுத்துக் கிடந்த லிஃப்டை ஒரே நாளில் ஓடவைத்ததில் பெண்கள் ஓட்டெல்லாம் அவன் பக்கம். நெவிலின் மனைவி பெரில் ஓட்டு உட்பட.

ஆனால் அவனுக்கு இங்கிலீஷ் தகராறு. "நான்... லிஃப்ட்... நல்லா ஆச்சு" என்பதற்குள் வியர்த்துவிடும். நெவில் பிடித்த பிடி அதுதான்.

"தீர்மானம் சொல்றேன், எழுதிக்கம்மா மார்த்தா. இந்த நாட்டு மொழி பேசத் தெரியாதவன் தலைவராக முடியாது."

செயலாளர் மார்த்தா பேனாவை நிறுத்தினாள். "நாட்டுப் பேரைப் போட்டுடட்டுமா?"

"பேரா? பெத்தவளை எவனாவது பேர் சொல்லிக் கூப்பிடுவானா? நாங்க எப்பவும் 'இந்த நாடு'ன்னுதான் சொல்வோம். எதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா, 'இந்த நாடு உருப்படாது'ன்னு காலையில டீயோடயே ஆரம்பிச்சிடுவியே!" என்றாள் பெரில்.

"நீ சும்மா இரு. மார்த்தா, நான் சொன்னபடியே எழுது."

பிப்ரவரி வெயில் வழுக்கையைச் சுட்டது. நெவில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட்டுக்கு விட்டார். முதலில் உயர்ந்த கை வாசிலுடையது, அதுவும் சிரித்துக்கொண்டே. 'பாவம், தனக்கு வெச்ச ஆப்புன்னே புரியல பயலுக்கு' என்று நெவிலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

ஒரு கை பாக்கியில்லாமல் தீர்மானம் நிறைவேறியது. நெவில் டையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, ஏற்புரைக்கு எழுந்தார்.

மார்த்தா வாசிலிடம் ஏதோ கேட்டாள். அவன் மூச்சுவிடாமல் மடமடவென்று பொழிந்து தள்ளினான். அவள் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அவர் தேறிட்டாரு. இப்ப நீங்க இந்த நாட்டு மொழியில பேசுங்க நெவில், ஸ்பானிஷ்ல."