ஆறு நிமிட நடை

ஒரு விடுகதை. ஆறு நிமிடம் நடக்க வேண்டும். எவ்வளவு நடந்தாலும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவிலேயே போய்ப் போய்த் திரும்ப வேண்டும். போய்ச் சேர ஓர் இடம் இல்லை. அந்த நடைக்கு ஒருத்தி மூன்றாம் நாளும் முதல் ஆளாக வந்து நிற்கிறாள். எதற்காக?

"எதுக்கு? பால்மாவுக்குத்தான்" என்றாள் சுல்பா மாமி.

மாமி தன் நடையை முந்தாநாளே முடித்துவிட்டாள். எட்டுச் சுற்று நடந்து, அதற்குப் பரிசாகப் பால்தூள் அடைத்த ஒரு பால்மா பக்கெட் வாங்கியிருந்தாள். இன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

பக்கெட் கொடுப்பவள் ஸஃப்னா. பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கிறாள். கடைசி வருட ஆய்வுக்காக ஊருக்கு வந்து, பள்ளிவாசல்துறையில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய முப்பது பெண்களை நடக்க வைத்து அளக்கிறாள்.

"நடக்கிறதைப் பார்க்கவா புள்ள நாலு வருஷம் படிக்கிற?" என்று மாமி முதல் நாளே கேட்டுவிட்டாள்.

பாடசாலை முற்றத்தில் முப்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு சிவப்புக் கூம்புகள். போய் வந்தால் ஒரு சுற்று. நேரத்தைப் பார்ப்பது ஸஃப்னா. சுற்றுக்கு ஒரு கோடு போடுவது அவளுடைய தங்கச்சி, பத்து வயது அக்கீலா.

நடப்பவரோடு யாரும் கூட நடக்கக் கூடாது. கதைக்கவும் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை, தாளில் எழுதியிருக்கும் வசனத்தை மட்டும் ஸஃப்னா சொல்வாள். அதுதான் முறை.

இருபத்தொன்பது பேர் முடிந்துவிட்டார்கள். முப்பதாவது ஆள் மார்த்தா. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்து, சண்டை முடிந்தும் திரும்பிப் போகாதவள். கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை. இரண்டு நாளும் நான்கு சுற்றுக்கு மேல் நடக்கவில்லை. நாடித்துடிப்புக்கூட ஏறவில்லை. "இந்த அளவு பிழை. திரும்ப எடுங்கள்" என்று விரிவுரையாளர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

"விடியக்காலையில மீன் கூடையோட பறக்கிறா. இங்க வந்தா மட்டும் ஊருறா" என்று முணுமுணுத்துக்கொண்டே கூம்புகளைச் சரிபார்க்கப் போனாள் ஸஃப்னா.

"மூணாவது பக்கெட்டும் சேரட்டும் எண்டுதான்" என்றாள் மாமி.

நடக்கும் முன் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மார்த்தா அக்கீலாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பையைத் திறந்து இரண்டு பால்மா பக்கெட்டுகளை எடுத்து நீட்டினாள். இரண்டும் உடைக்காதவை.

"இந்தா மகள், வீட்ட கொண்டு போ. எனக்குப் பால் ஒத்துவராது."

அக்கீலாவுக்கு விளங்கவில்லை. "அப்ப ஏன் அன்ரி மெதுவா நடக்கிறீங்க?"

மார்த்தா முற்றத்தைப் பார்த்தாள். மாமி தூரத்தில் இருந்தாள்.

"சரியா நடந்தா நாளைக்கு ஆர் என்னைக் கூப்பிடுறது?"

"வாடியில ஆளுகள் இருக்காங்கதானே?"

"இருக்கினம். 'மார்த்தா, இதைப் புரட்டு. மார்த்தா, அதை அள்ளு.' அவ்வளவுதான் கதை. மகன் இத்தாலியில. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். எடுக்காட்டில் அடுத்த ஞாயிறு. 'நல்லா நடக்கிறீங்க' எண்டு உன்ர அக்காதான் சொல்லுறா."

"ராத்தா அதை எல்லாருக்கும் சொல்றதான். தாளில எழுதியிருக்கு."

"தெரியும் மகள்." மார்த்தா சிரித்தாள். "தாளில கிடந்தாலும் வாயால சொல்ல ஒராள் வேணுமே."

ஸஃப்னா வந்து மார்த்தாவின் முன்னால் குந்தினாள். கோபமாகப் பேசத்தான் வந்திருந்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

"அன்ரி, உங்களால நடக்க ஏலும் எண்டு எனக்குத் தெரியும். முப்பது பேர்ல ஒராள் குறைஞ்சாலும் என்ட ஆய்வை எடுக்கமாட்டாங்க. அங்க எனக்காகக் கதைக்கவும் ஆள் இல்ல. எங்கட வகுப்பில தமிழ் பேசுறது நான் ஒராள்தான். இன்டைக்கும் பிழைச்சா நாளைக்கும் எடுக்கணும். ஞாயிற்றுக்கிழமை நான் போயிடுவன்."

மார்த்தா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இண்டைக்குச் சரியா நடந்தா?"

"இதோட முடிஞ்சிது. நீங்க இனி வரத் தேவையில்ல."

மார்த்தா செருப்பைக் கழற்றிக் கதிரைக்கு அடியில் வைத்தாள். "சரி பிள்ளை. மணியைப் பார்."

நடந்தாள். சேலைக் கரை காலில் படபடக்க, கூம்பைத் தொட்டதும் திரும்பி, மூச்சு வாங்க, வாடிக்கு நேரமானவளைப் போல நடந்தாள். ஸஃப்னாவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

"ஒரு நிமிசம் முடிஞ்சிது. நல்லா நடக்கிறீங்க."

ஒவ்வொரு முறையும் அந்த வசனம் வந்ததும் மார்த்தா தலையை ஒருமுறை ஆட்டினாள். ஐந்தாவது நிமிடத்தில் ஆட்டவில்லை. குனிந்தபடி நடந்தாள்.

"ஆறு. நில்லுங்க அன்ரி."

மார்த்தா கூம்புக்குப் பக்கத்தில் நின்றாள். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு கதிரைக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்தாள்.

"நான் வாறன் பிள்ளை. நல்லாப் படி."

ஸஃப்னா பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் குனிந்தாள்.

"அக்கீலா, எத்தனை சுற்று?"

அக்கீலா தாளைப் பார்த்தாள். எட்டுக் கோடுகள் இருந்தன.

"நாலு" என்றாள்.