முதல்தர நோயாளி

"பார்த்தேளா மேடம், கிருமி இருந்த சுவடே இல்லே!" என்று ரத்தப் பரிசோதனை முடிவை ஆரத்தித் தட்டு மாதிரி தூக்கிக் காட்டினார் சீனிவாசராகவன்.

ஜோகுபாளையத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென்றே அவர் நடத்தும் தனி மருந்தகம் அது. மாத்திரை கொடுப்பது, அதைச் சாப்பிடும் விதம் சொல்வது, ரத்தம் எடுத்து டாக்டருக்கு முடிவை அனுப்புவது எல்லாம் ஒரே கூரையின்கீழ். இதேபோல் பொம்மனஹள்ளியிலும் திறக்கலாமா என்று பார்த்துப்போக, மருந்தகத்துக்குப் பணம் கொடுக்கும் டிரஸ்டிலிருந்து ருக்கு மேடம் வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, முடிவுக்குச் சொந்தக்காரரே வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"சார், அவசரமா ஒண்ணு சொல்லணும்..."

"ஸ்வல்ப, ஒரு நிமிஷம் இருப்பா. மேடம், நோயாளி பேரை இங்க யார்கிட்டயும் சொல்றதில்லே. இவர்தான் சிவசங்கரன்."

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, திரண்ட தோள், கழுத்தில் வெள்ளிச் சிலுவை. நோய் வந்தபின் சாமியை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு என்பதால் சீனிவாசராகவன் அதைப் பற்றி விசாரித்ததில்லை. கேள்வி கேட்பது நாகரிகமல்ல என்பது மருந்தகத்தின் கொள்கை. அறிவுரைக்கு மட்டும் அளவு கிடையாது.

"அடிக்கடி விட்டா மருந்து கேட்காது, உசுருக்கே ஆபத்துன்னு மாசாமாசம் சொல்றேனே, ராத்திரி மாத்திரையை விடறதில்லையே?"

"தலை சுத்துதுன்னு விட்டாச்சு சார். ரொம்ப நாளாச்சு."

சீனிவாசராகவன் வாய்விட்டுச் சிரித்தார். "விளையாடறார் மேடம்! மாத்திரையை விட்டவன் ரத்தமா இது? ரிப்போர்ட் பேசறதே!"

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றார் ருக்கு மேடம்.

"இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, ஆளைப் பார்க்கவே வேண்டாம், இதே மருந்து போதும்னுட்டார்."

ருக்கு மேடம் கண் கலங்கிவிட்டார். "உங்களைப் பார்த்தா நோயாளின்னே சொல்ல முடியாதுப்பா."

"ஐயோ, கொஞ்சம் கேளுங்க சார்..." வந்தவரின் குரல் உடைந்தது. அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்ட சீனிவாசராகவன், அவர் தோளில் கைபோட்டு மேடம் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"உன் வாயாலயே சொல்லுப்பா. இது உன் ரத்தம்தானே?"

"ரத்தம் என்னுதுதான் சார். இங்க வர வெக்கப்பட்டுக்கினு, மாத்திரை வாங்கறதுக்கும் ஊசி குத்திக்கறதுக்கும் எங்க மொதலாளி சிவசங்கரன் ஐயா, டிரைவரு என்னைத்தான் அனுப்புவாரு."

சீனிவாசராகவனின் கை தோளிலிருந்து நழுவியது.

"வெளியில கார்ல மூச்சுக்குத் தவிக்கறாரு, வாங்க சார்!"