அமுதவல்லியின் இடக்கை

கோவை இரும்பு வார்ப்பாலையில் நெடுநாள் வேலை பார்த்த அமுதவல்லியின் கைப்பழக்கத்தைக் கையுறைகளில் பதிந்துகொண்டார்கள். அவற்றை மாட்டினால் புதியவர்களுக்கும் வேலை தானாக வந்துவிடும். ஓசூரில் புது ஆலை தொடங்கியதும் அவளை அழைத்துப்போய்க் காட்டினார்கள்.

உருகிய இரும்பு அச்சுகளில் இறங்கியது. அந்தக் கையுறைகளோடு வரிசையாக நின்ற அத்தனை பேரும் ஒரே நொடியில் இடக்கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். அமுதவல்லி தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டாள். என்றோ இரும்பு தெறித்துச் சுட்டதிலிருந்து அவள் கை அப்படித்தான் விலகும்.

“அது என்னோட பயமுங்க. வேலையில சேராது, எடுத்துருங்க,” என்றாள் கூச்சத்துடன்.

“எடுக்க மாட்டோம்மா,” என்றார் மேற்பார்வையாளர் தேவசகாயம். “இங்க இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கை சுட்டதில்ல.”

கையுறையைக் கழற்றிய ஒருத்தியின் இடக்கையை அமுதவல்லி வாங்கிப் பார்த்தாள். எங்கும் வடு இல்லை. விட மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.