சங்கிலியார் முழங்கியது

தியாகி சங்கிலியாருக்காக ஒரு நிமிட மௌனம் என்றதும் கூட்டமே எழுந்து தலை குனிந்தது. முன்வரிசையில் ஆயம்மாளின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன. பாவம், நேரில் பழகினவள், அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் அழவில்லை. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

கோத்தகிரிப் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மழைக் கொட்டகை வந்து இன்றோடு இருபது வருடம். சங்கிலியாரின் பெயரையும் அவர் பேச்சையும் பலகையில் எழுத, பெயிண்டர் தூரிகையோடு காத்திருந்தார்.

அந்தப் பேச்சு ஆயம்மாளுடையது. அன்று தொப்பலாக நனைந்து நின்றவள் புது மேனேஜரிடம், "கொழுந்து நனைஞ்சாத் தார்ப்பாய் போடறீங்க. நாங்க நனைஞ்சா?" என்று கேட்டுவிட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் உறும, வேலை போய்விடுமே என்ற பயத்தில், வாசலைப் பார்த்தபடி வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாள். சங்கிலி என்பவர் யாரோ பெரிய யூனியன் தலைவர் என்று மிரண்டுபோனவர், பத்தே நாளில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்த நாலு பேரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். சங்கிலியாருக்குச் சிறைவாசம் வந்தது, பிறகு வீரமரணமும் வந்தது. இப்போது அவரைப் பற்றிப் புத்தகம் எழுதும் பேராசிரியர் ராஜசேகர் மேடையில் கர்ஜித்துக்கொண்டிருந்தார்: "'தளிருக்குத் தார்ப்பாய்! தாய்க்குலத்துக்குத் தகரமும் இல்லையா? பொங்கி எழு மலைநாடே!' என்று பத்தாயிரம் பேர் நடுவே முழங்கினார் சங்கிலியார்."

ஆயம்மாளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பலகையில் எழுதிவிட்டால் அவ்வளவுதான்.

ராஜசேகர் அவளை மேடைக்கு அழைத்து, தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"எந்நேரமும் ஃபேக்டரி வாசல்லயேதான் கெடப்பாருங்க. மேனேஜர் ஜீப்பு வந்தா ஓடிப் போயி மறிப்பாரு. ஒரு பன்னு குடுத்தாக்கூட ஆயுசுக்கும் மறக்க மாட்டாரு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராஜசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. பலகையில எழுதப் போறது நான் பேசுனது" என்றாள் ஆயம்மாள்.

தலைவரின் சொல் உங்கள் நாவிலேயே ஊறிவிட்டது அம்மா என்று ராஜசேகர் நெகிழ்ந்து போனார். புத்தக அட்டையில் போடத் தலைவர் படம் ஒன்று கிடைத்தால் போதும் என்றார்.

ஆயம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, கொட்டகை திறந்த அன்று எடுத்த போட்டோவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் ஆறேழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"இதில் அய்யா யாருங்கம்மா?"

"முன்னால வாலைச் சுருட்டிட்டுப் படுத்திருக்குதுங்களே, அதுதானுங்க."