பின்கழுத்து

வேதமாணிக்கம் வீட்டிலேயே அமைத்திருந்த, கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷினுக்கு, இறந்துபோன மனைவி ஜெசிந்தாவின் முகத்தைப் பலகையில் புடைப்பாகச் செதுக்கத்தான் தெரிந்தது. தலை முழுசாக வேண்டும் என்று, கட்டையைச் சுழற்றிக் கொடுக்கும் ரோட்டரி அச்சு ஒன்றை வாங்கி, நாலு நாள் மெனக்கெட்டுப் பொருத்தினார். கட்டை கச்சிதமாகச் சுழன்றது. ஆனால் கம்ப்யூட்டரில் அவள் உருவத்தைத் திருப்பினால் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆல்பம் முழுக்க அவள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மாவுக்குப் பின்கழுத்துல மச்சம் இருக்கும்லப்பா, அத விட்றாதீங்க.”

“எந்தப் பக்கம்மா?”



கல்யாணமாகி இருபத்தாறு வருடமும் பைக்கை ஓட்டியது அவர்தான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தா அவருடைய பின்கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றியெடுப்பாள்.