பத்து மணிக்கு வருபவள்

"சிஸ்டர், இந்த ஊசியைக் கழட்டி விட்டுடுங்க. நான் கிளம்பறேன்."

ஆறாம் கட்டில் க்வாபெனா, கட்டுப்போட்ட காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் ஹெதர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"எங்கே கிளம்பறே? இன்னும் நாலு நாள் மருந்து ஏறணும். பாதியில விட்டா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் உன்கிட்டதானே சொன்னார்?"

"சொன்னார். ஆனா மணி பத்தாகப் போகுதே. அந்தம்மா வந்துடுவாங்க. நேத்து வாசல்ல நின்னு என்னை ஒரு முறை முறைச்சாங்க பாருங்க! இன்னிக்கு நிச்சயம் கேட்டுடுவாங்க."

அந்தம்மா என்றால் கெயில்.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லைதான். ஆனால் யாருக்கு இலவசம், யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓர் அலுவலகம் உண்டு. கெயிலுக்கு வேலை அங்கேதான். நோயாளியிடம் நேரில் வந்து, "விசா இருக்கா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் பெரிய பில் வரும். பில்லைக் கட்டாவிட்டால் குடியேற்றத் துறைக்குத் தகவல் போகும்.

க்வாபெனாவுக்கு விசா முடிந்து இரண்டு வருடம். கார் கழுவும் இடத்தில் வேலை. அங்கே துருப்பிடித்த கம்பி ஒன்று காலில் ஏறி, சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது.

"நீ பேசாம படு. இன்னிக்கு அவளை நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஹெதர்.

"வேண்டாம் சிஸ்டர், உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"வம்புதான் எனக்குக் காலை டிபன். நீ உன் ரொட்டியைச் சாப்பிடு."

பக்கத்துக் கட்டில் ஸ்டான்லி கிழவர் பேப்பரை இறக்கினார். "நான் கேக்கறேனேன்னு கோவிச்சுக்காதே ஹெதர். நாப்பது வருஷம் வரி கட்டினவன் நான். எனக்கு உரிமை இருக்கு. இவனுக்கு என்ன உரிமை?"

"கிருமி என்ன தாத்தா, வரி ரசீதைப் பார்த்துட்டா உடம்புல ஏறுது?"

கிழவர் தன் டிபன் தட்டைத் துழாவினார். "அதுவும் சரிதான். இந்தா தம்பி, எனக்கு ஜாம் ஒத்துக்காது. நீ தடவிக்கோ" என்று குப்பியை நீட்டிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

சரியாகப் பத்து மணி. வார்டு வாசலில் கெயில்.

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் அட்டை, காகிதம். ஆறு நாளாக இதே கூத்துதான். வாசலில் நிற்பாள், ஆறாம் கட்டிலை ஒரு பார்வை பார்ப்பாள், என்னமோ எழுதிக்கொண்டு போய்விடுவாள். சிரிப்பென்பது மருந்துக்கும் கிடையாது. அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்ததே ஹெதர்தான்.

"வாங்க கெயில். மோப்பம் பிடிக்க வந்தாச்சா?"

"குட் மார்னிங் ஹெதர்."

"ஒண்ணு கேக்கறேன், நேராப் பதில் சொல்லுங்க. வைத்தியம் மனுஷனுக்கு உரிமையா, இல்லையா?"

"அதைப் பேச எனக்குச் சம்பளம் இல்லம்மா. எழுதத்தான் சம்பளம்."

ஹெதருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருத்தன் கால் போகப் போகிறது, இவள் சம்பளக் கணக்கு பேசுகிறாளே!

"உங்க உடம்புல ஓடறது ரத்தமா, மசியா?"

"ரத்தம்னுதான் ரிப்போர்ட்ல போட்டிருந்தது" என்றாள் கெயில். பிறகு, "கொஞ்சம் மெதுவாப் பேசேன். எங்க மேனேஜர் அடுத்த வார்டுலதான் இருக்கார்."

"இருக்கட்டுமே! நல்லாக் காதுல விழட்டும்!" ஹெதரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "ஆறு நாளா வாசல்லேயே நின்னு எழுதறீங்களே, கிட்டப் போய் அவன் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கத் தைரியம் இல்லையா? இதோ, முழிச்சுக்கிட்டுதானே இருக்கான்! போங்க, 'உனக்கு இங்கே படுக்க உரிமை இல்லை'ன்னு அவன்கிட்ட நேரா சொல்லுங்க பார்ப்போம்!"

க்வாபெனா ஒரு கையில் டீயும் ஒரு கையில் ஜாம் தடவிய ரொட்டியுமாக அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

கெயில் அவனை நிதானமாகப் பார்த்தாள். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதறீங்க? காட்டுங்க!" ஹெதர் அட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

'நேரில் விசாரிக்க இயலாததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதில் ஆறு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அதே உருண்டைக் கையெழுத்தில் அதே வரி.

'நோயாளி நல்ல உறக்கத்தில் இருந்தார். எழுப்பவில்லை.'

ஆறாவது வரியில் மசி இன்னும் காயவில்லை.

ஹெதர் அட்டையைத் தாழ்த்தி நீட்டினாள். முகமெல்லாம் சூடாகியது.

கெயில் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நடைவழிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"இன்னும் நாலு நாள் அவன் தூங்கியாகணும் ஹெதர். பக்கத்துல நின்னு இப்படிக் கத்தாதே."