நனைந்த இறக்கையின் சாட்சி

மேகத்துக்குள் நுழைந்தால் ஒருத்தரை மட்டும் நம்பவே கூடாது என்று கொட்டகையில் கிடந்த பழைய விமானம் சொல்லியிருந்தது. அது யார் என்பதுதான் குட்டி விமானத்துக்கு மறந்துபோயிற்று. இப்போது சுற்றிலும் ஒரே வெள்ளை. கீழே எங்கோ மலை.

“இடப்பக்கம் சாய்ஞ்சு இறங்கிட்டிருக்கோம்” என்றது கண்ணாடிக்குள் சாய்வு காட்டும் முள்.

“நேராத்தான் போறோம். வெளியே நனைஞ்சுக்கிட்டு நிக்கிற எனக்குத் தெரியாததா, உள்ளே சொகுசா உக்காந்திருக்கிற உனக்குத் தெரிஞ்சுடுச்சு?” என்றது இடது இறக்கை.

குட்டி விமானத்துக்கும் நேராகப் போவதாகத்தான் பட்டது. ஆனால் உயரம் காட்டும் முள்ளும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“அவனும் இவன் கூட்டாளிதானே!” என்றது இறக்கை.

குட்டி விமானம் இடது இறக்கையைத் தூக்கத் தொடங்கியது.

“ஐயோ, கவுக்கிறியேடா பாவி!”

சாய்வு முள் நேராகும்வரை குட்டி விமானம் தூக்கிக்கொண்டே இருந்தது. உயரம் காட்டும் முள்ளும் இறங்குவதை நிறுத்தியது.